இசையின் வளர்ப்புத் தந்தை

நீலகிரியின் கோத்தர் இனத்தார் ஏழு ஊர்களில் வாழ்பவர்கள். நாகசுரத்தை ஒத்த 'கொள்' என்னும் குழலும், வளைந்த கொம்பும், முழவும், தப்பட்டையும் சேர்ந்து ஒலிக்கும் அவர்தம் இசையைக் கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அங்கே எதிரில் நின்று கையசைத்து வழிநடத்துபவர் எவரும் இல்லை. குழல் ஊதுபவர் மெட்டைத் தொடங்க, மற்றவர்கள் அதைத் தழுவிச் செல்கிறார்கள். காரணம் எளியது. அந்த மெட்டு, கூடியிருப்போர் செவிகளில் முன்னமே குடியிருக்கிறது. பாட்டனிடமிருந்து பேரனுக்கு வந்த சொத்து அது. பிழை நேர்ந்தால் ஆடுவோரின் கால்களே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இதற்கு நேர்மாறான நிலை ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேடையில் நூறு இசைஞர்கள். ஒவ்வொருவர் முன்னும் எழுதிய தாள். அந்த இசையை உலகில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. எழுதியவரின் உள்ளத்தில் மட்டுமே அது ஒலித்திருக்கிறது. வயலின்காரரின் தாளில் வயலினின் பங்கு மட்டும். கொம்புக்காரரின் தாளில் கொம்பின் பங்கு மட்டும். முழுமையைத் தாளிலிருந்தே படித்து, மனத்தில் கேட்டு, மற்றவர்களுக்கு உணர்த்த ஒருவர் வேண்டும். அவரே இசை நடத்துநர். நடத்துநர் என்றவுடன் மேட்டுப்பாளையம் பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவர் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஒப்புமை முற்றும் பொருந்தாததும் அன்று. வண்டியை ஓட்டுபவர் அவர் அல்லர். ஆயினும் அவர் விசில் கொடுக்காமல் வண்டி நகராது. இசை நடத்துநரும் தாம் ஓர் ஒலியும் எழுப்புவதில்லை.

பழைய படைப்பை நடத்துவது வேறு. புதிய படைப்பை நடத்துவது வேறு. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை ஒருவர் மோசமாக நடத்தினால் பழி நடத்துநரைச் சேரும். பீத்தோவனுக்கு இருநூறு ஆண்டுச் சாட்சிகள் உண்டு. புதிய படைப்பை ஒருவர் மோசமாக நடத்தினாலோ, பழி படைப்பைச் சேரும். அது தன்னைக் காத்துக்கொள்ள வழியற்றது. ஆகவே ஒரு நடத்துநரின் உண்மையான அளவை அறிய, அவர் புதியவற்றை எப்படிக் கையாண்டார் என்று பார்ப்பதே தகும் என்பது என் கருத்து. இந்த அளவுகோலைக் கொண்டு, நம் நாடு உலகுக்குத் தந்த பெரும் நடத்துநரான சுபின் மேத்தாவை நோக்குவோம்.

1936-இல் பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர் மேத்தா. தந்தை மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர்; 1935-இல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவியவர். மகன் இயேசு சபையினரின் புனித சவேரியார் கல்லூரியில் மருத்துவப் படிப்பை நோக்கிக் கால் வைத்து, பின்னர் மனம் மாறி, 1954-இல் வியன்னா சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயின்றார். அங்கே அவரும் உடன் மாணவரான கிளாடியோ அபாடோவும் ஒரு பெரிய பாடகர் குழுவில் சேர்ந்துகொண்டார்கள். பெரிய நடத்துநர்கள் ஒத்திகை நடத்தும் விதத்தை அருகிருந்து காண்பதற்கு அவர்கள் கண்ட வழி அது. பிறரை நடத்தும் முன் பிறரால் நடத்தப்படக் கற்றவர் எனலாம். 1961-இல் மாண்ட்ரியல், 1962 முதல் 1978 வரை லாஸ் ஏஞ்சலஸ், 1978 முதல் 1991 வரை நியூயார்க், 2019-இல் ஓய்வு பெறும்வரை இஸ்ரேல் என்று அவர் தலைமையேற்ற இசைக்குழுக்களின் வரிசை நீண்டது.

மக்கள் நினைவில் நிற்பவை அவருடைய பகட்டான இரவுகளே. 1990-இல் உரோமையின் காரகல்லா இடிபாடுகளிடையே மூன்று பெரும் பாடகர்கள் பாடிய நிகழ்ச்சியும், வியன்னாவின் புத்தாண்டு இசை விழாக்களும் அத்தகையன. இவற்றைக் கொண்டே நியூயார்க் விமர்சகர்கள் சிலர், மினுக்கு உண்டு, ஆழம் இல்லை என்று அவரை எடைபோட்டனர். அந்தத் தீர்ப்பு முழுமையானதன்று என்பதற்கு மூன்று முதல் அரங்கேற்றங்கள் சான்று.

முதலாவது, 1980 மே முதல் நாள். போலந்து நாட்டுக் கத்தோலிக்கரான கிறிஸ்தோஃப் பெண்டெரெட்ஸ்கியின் இரண்டாம் சிம்பொனியை நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு மேத்தா அரங்கேற்றினார். 'சைலண்ட் நைட்' என்னும் கிறிஸ்து பிறப்புப் பாடலின் தொடக்க சுரங்கள் அதனுள் வந்து தொட்டு மறைவதால் அதற்குக் கிறிஸ்துமஸ் சிம்பொனி என்றே பெயர் ஏற்பட்டது. கூச்சலும் கிறீச்சிடலுமாக இசையின் இலக்கணத்தையே உடைத்தவர் என்று பெயர் பெற்றிருந்த பெண்டெரெட்ஸ்கி, இதில் பழைய மரபின் பக்கம் திரும்பியிருந்தார். புதுமைவாதிகள் இதைத் துரோகம் என்றே கருதினர். அத்தகைய படைப்புக்கு முதல் குரல் கொடுக்கத் துணிவு வேண்டும்.

இரண்டாவது, 1981 ஏப்ரல். பண்டிட் ரவிசங்கர் சித்தாருக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய 'ராகமாலா'. சித்தார் தன் போக்கில் கற்பனை செய்து விரியும் இயல்புடையது; இசைக்குழுவோ எண்ணி எழுதிய சுரங்களுக்குக் கட்டுப்பட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் செலுத்த வேண்டிய பொறுப்பு நடத்துநருடையது. இன்று அதன் ஒலிப்பதிவைக் கேட்கையில், இரு மரபுகளும் ஒன்றையொன்று வணங்கி நிற்கின்றனவே அன்றி ஒன்றில் ஒன்று கரைந்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ராகத்தின் தனிக்கோட்டுக்கு இசைக்குழு பலவிடங்களில் வெறும் பின்திரையாகிவிடுகிறது. இது மேத்தாவின் குறையன்று. படைப்பின் அமைப்பிலேயே உள்ள இடர்ப்பாடு. அதை மறைக்க முயலாமல் சித்தாருக்கு வழிவிட்டு நின்றது அவருடைய நேர்மை.

மூன்றாவதே தலையாயது. பாரிசில் திரித்துவ ஆலயத்தின் ஆர்கன் இசைஞராக 1931 முதல் தம் இறுதிக்காலம் வரை பணியாற்றிய ஒலிவியே மெசியான், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கத்தோலிக்க இசை மேதைகளுள் ஒருவர். சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் பட்டியலிடும் 120 தாளங்களைப் பயின்று தம் இசையில் ஆண்டவர் என்பது நமக்குக் கூடுதல் உரிமை. நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் 150-ஆம் ஆண்டை ஒட்டி அவர்களுக்காக அவர் எழுதி முடித்த கடைசிப் பெரும் படைப்பு 'மறுமையின் ஒளிக்கீற்றுகள்' என்று நாம் பெயர் சொல்லத்தக்க ஒன்று. பதினொரு பகுதிகள், 128 இசைஞர்கள், திருவெளிப்பாடு நூலின் காட்சிகளும் பறவைகளின் குரல்களும் கலந்து வருபவை. அதைக் கேட்க அவர் இருக்கவில்லை. 1992 ஏப்ரலில் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 5-இல், பதவியை விட்டு ஓராண்டுக்கு மேலான பின்னரும் திரும்பி வந்து, மேத்தா அதனை முதன்முதல் ஒலிக்கச் செய்தார்.

இங்கே நடத்துநரின் நிலையைச் சிந்தியுங்கள். ஒத்திகையில் ஐயம் எழுந்தால் கேட்பதற்குப் படைத்தவர் இல்லை. "இப்படியன்று, அப்படி" என்று திருத்த ஆள் இல்லை. இறுதிப் பகுதி பெரும்பாலும் நரம்புக் கருவிகளுக்கு உரியது. முக்கோண மணிகளின் மெல்லிய அதிர்வு மட்டும் துணை நிற்க, மிக மிக மெதுவாக நகர்வது. கைதட்டலை வாங்கும் முழக்கம் அதில் இல்லை. விரைவுபடுத்தினால் அழகாகிவிடும், ஆனால் அதன் பொருள் போய்விடும். கிறிஸ்துவின் ஒளியை நோக்கிக் காத்திருக்கும் ஆன்மாவின் அமைதி அது. அதை அவசரமின்றிக் காத்து நிற்பதற்குத் தன்னை மறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இரவுக்குப் பின் நிகழ்ந்ததே என் வாதத்துக்கு முக்கியம். தென்கொரியரான மியுங்-வுன் சுங் அதைப் பாரிசில் பதிவு செய்தார். பின்னர் சைமன் ராட்டில் பெர்லினில் பதிவு செய்தார். இன்று நாம் மலைமேல் அமர்ந்து கேட்பவை இவர்களுடைய பதிவுகளே. மேத்தாவின் கை அங்கே தென்படுவதில்லை. இதுவே முதல் நடத்துநரின் வெற்றி. தம் பெயர் மறைந்து, படைப்பு மற்றொருவர் கைக்குச் செல்ல வேண்டும். முதல் கை காப்பாற்றியதா என்பதை இரண்டாம் கைதான் சொல்லும்.

புனித சூசையப்பரை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தாம் பெறாத மகவை, அதன் பாதுகாப்பற்ற முதல் நாள்களில், எகிப்துவரை சுமந்து காத்தார். நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. பிள்ளை தன் பணியைத் தொடங்கும்போது அவர் காட்சியில் இல்லை. புதிய இசையின் நடத்துநரும் இத்தகைய வளர்ப்புத் தந்தையே.

எனினும் மேத்தாவை அளவுக்கு மீறிப் புகழ்வது நீதியாகாது. நியூயார்க்கில் அவருக்கு முன்னிருந்த பியேர் பூலெஸ் புதிய இசைக்கே வாழ்வை அளித்தவர். மெசியானின் மாணவர். 1954-இல் பாரிசில் புதிய இசைக்கெனவே ஓர் இசைத் தொடரைத் தொடங்கினார். 1973-இல் நியூயார்க்கில் நாற்காலிகளை அகற்றி, இளைஞரைத் தரைவிரிப்பில் அமரச் செய்து புதியனவற்றைக் கேட்க வைத்தார். 1976-இல் அதற்கெனத் தனிக் குழுவே அமைத்தார். பூலெஸ் வீடு கட்டினார். மேத்தா சில இரவுகளில் மட்டும் கதவைத் திறந்தார். தொடர்ந்த திட்டம் அவரிடம் இருந்ததாகச் சொல்ல இயலாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பூலெஸ் தம் கொள்கைக்கு இசைந்த படைப்புகளையே பெரிதும் அரவணைத்தார். மேத்தாவின் கை பெண்டெரெட்ஸ்கி, ரவிசங்கர், மெசியான் என ஒன்றுக்கொன்று உறவில்லாத மூவரையும் ஏந்தியது. வளர்ப்புத் தந்தைக்கு அந்த விரிந்த மடியும் தேவை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா எழுதிய சிம்பொனியை 1993-இல் இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழு ஜான் ஸ்காட் தலைமையில் பதிவு செய்தது. அந்தப் பதிவு மக்களுக்காக வெளியிடப்படவே இல்லை. முதல் கை தன் வேலையைச் செய்தும் குழந்தை வெளிச்சத்துக்கு வரவில்லை. 2005-இல், அருட்பணி ஜெகத் கஸ்பார் அவர்களின் தமிழ் மையத்தின் முயற்சியால், அவருடைய 'திருவாசகம்' புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வெளிவந்தது. உதகையில் பள்ளி நடத்திய ஜி.யூ. போப் 1900-இல் ஆங்கிலத்தில் தந்த நூல், நூறாண்டுக்குப் பின் ஒரு கத்தோலிக்கக் குருவின் ஆர்வத்தால் மேலைக் கருவிகளின் துணையைப் பெற்றது. பின்னர் 2025 மார்ச் 8-இல் 'வேலியன்ட்' சிம்பொனி இலண்டன் அரங்கில் முழுமையாக ஒலித்தது. நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ். வாழும் இசைப் படைப்பாளர் பலரின் புதிய ஆக்கங்களைச் செக் நாட்டின் பர்னோ இசைக்குழுவோடு பதிவு செய்தவர். புதிய இசையையே தம் துறையாகக் கொண்டவர்.

நம் இதழ்கள் அன்று படைத்தவரைக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாள்களை ஒலியாக்கிய கையைப் பற்றி நாம் எத்தனை வரிகள் படித்தோம்? சாதனை என்னும் சொல்லோடு நம் விமர்சனம் நின்றுவிட்டது. பகுதிகளின் கட்டமைப்பு எப்படி, எந்த இடம் நெஞ்சில் தங்கியது, எந்த இடம் நீண்டது என்ற பேச்சு எழவே இல்லை. வேறொரு நடத்துநர், வேறொரு நாட்டில், படைத்தவர் அருகில் இல்லாதபோதும், அதை விரும்பி எடுப்பாரா என்பதே நாம் இனிக் கேட்க வேண்டிய கேள்வி. பெருமை பேசுவோர் கூட்டத்தால் அது நடவாது. நடுநிலையோடு கேட்டுச் சொல்லும் செவிகளால் நடக்கும்.

நம் பங்குகளுக்கும் இதில் பாடமுண்டு. தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்திலும் ஒரு பாடகர் குழு இருக்கிறது. கையசைக்கும் ஒருவர் இருக்கிறார். நம்மிடையே யாரேனும் புதிய பாடல் ஒன்றை எழுதித் தந்தால், அரைகுறை ஒத்திகையோடு ஒரு ஞாயிறு பாடி, மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிடுகிறோம். பிடிக்காதது பாடலா, நாம் பாடிய விதமா என்று கேட்பதில்லை. அடுத்த திருவருகைக் காலத்தில் ஒரு புதிய பாடலைத் தேர்ந்து, நன்கு பயின்று, நான்கு ஞாயிறும் தொடர்ந்து பாடிப் பார்ப்போம். நான்காம் ஞாயிறன்று மக்கள் தாமாகச் சேர்ந்து பாடுவார்களானால், அந்தப் பாடல் பிழைத்துக்கொண்டது என்று பொருள்.