பிராட்டியின் முதல் வனயாத்திரை

பிராட்டி வனம் புகுந்ததைத் துன்பக் கதையாகவே சொல்லியும் கேட்டும் பழகிவிட்டோம். மூலம் அதற்கு அவ்வளவு எளிதில் இசைவதில்லை.

ஆகாயத்தில் திரியும் பூதங்களும் காணவொண்ணாதிருந்தவளை இன்று ராஜவீதியில் எல்லோரும் காண்கிறார்களே என்று அயோத்தி ஜனங்கள் வருந்தியதை அயோத்யாகாண்டம் 33ஆம் ஸர்க்கம் கூறும். மரவுரி உடுக்கும் வகையறியாமல் அவள் நாணி நின்றதும், பெருமாளே பட்டாடையின் மேல் அதைக் கட்டிவிட்டதும் 37ஆம் ஸர்க்கத்தில் உள. இத்தகையவள், நகரத்துப் பூந்தோட்டத்தில் உலாவிய சிறுமியைப் போலவே, ஊர்களையும் ஆறுகளையும் மரங்களையும் வினவி மகிழ்ந்திருந்தாள் என்று கௌஸல்யையிடம் ஸுமந்த்ரன் சொல்கிறான். மகனைப் பிரிந்த தாயைத் தேற்றச் சொன்ன வார்த்தை இது எனில், ஒவ்வாது. யமுனையைக் கடந்தபின், முன் கண்டிராத மரம், புதர், பூங்கொடி ஒவ்வொன்றையும் அவள் கேட்க, இளையபெருமாள் பூங்கொத்துகளைக் கொணர்ந்து கொடுத்தார் என்று 55ஆம் ஸர்க்கத்தில் முனிவர் தம் வாக்காகவே சொல்கிறார். அங்கே தேற்றப்பட வேண்டியவர் ஒருவருமில்லை.

இனி, ஸித்தாந்தத்தைத் தொடும் ஆக்ஷேபம் ஒன்று. அயோத்தியிலேயே இருக்கும்படி பெருமாள் நியமித்தார். சிங்கம், முதலை, முள், சருகுப்படுக்கை என்று வனதோஷங்களையும் அடுக்கினார். பிராட்டியோ, ஆணுருக்கொண்ட பெண்ணையோ என் தந்தை மருமகனாகப் பெற்றார் என்னுமளவும் பேசினாள். இது பாரதந்த்ர்யத்துக்குச் சேருமோ? ப்ரணயரோஷம் என்று சொல்லி ஒதுங்குவது போதாது. ஸ்ரீபரதாழ்வான் நியமனத்துக்கு வசப்பட்டுப் பிரிந்திருந்தார். இளையபெருமாள் நியமனத்தை மறுத்தும் கைங்கர்யத்தைப் பிரியாதிருந்தார். பிராட்டி இங்கு நிற்பது இளையபெருமாள் பக்கத்திலே. அவள் வேண்டியதும், முன்னே சென்று முள்ளையும் தர்ப்பையையும் மிதித்து வழி செய்யும் கைங்கர்யமே. (அது கிடைத்ததோ என்னில், இல்லை. கங்கையைக் கடந்ததும் இளையபெருமாளை முன்னே விட்டு, அவளை நடுவே வைத்து, தாம் பின்னே காத்து வந்தார் பெருமாள். ரக்ஷகத்வத்தை அவர் விட்டுக்கொடுப்பாரோ!) பாரதந்த்ர்யத்தை வெளியிட்டது நடுவில் நேர்ந்த பிரிவு என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் வகுத்தருளினார். அதை முதல் வனயாத்திரையிலேயே தேடுவது இடந்தவறிய தேட்டம்.

அந்த நடுப்பிரிவின் தொடக்கத்தையும் பார்க்கவேண்டும். கர்ப்பவதியான பிராட்டியிடம் விருப்பம் யாதெனப் பெருமாள் கேட்கிறார். கங்கைக்கரைத் தபோவனங்களில் ஓரிரவாவது தங்கவேண்டும் என்கிறாள். வனத்தில் துன்பமே கண்டவள் அதைக் கேட்பாளோ? அவ்விருப்பமே பிரிவுக்கு வழியாயிற்று. கொண்டுபோய் விட்டவரும், யமுனைக்கரையில் பூங்கொத்து கொணர்ந்து கொடுத்த அந்த இளையபெருமாளே.