புளியமரத்தைக் கொன்றவர் யார்?

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-இல் நூலாக வெளிவந்தது. சமீபத்தில் மூன்றாம் முறையாக எடுத்துப் படித்தேன். திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர் ஒன்றில், சாலைச் சந்திப்பில் நிற்கும் புளியமரமே இதன் கதைத்தலைவன்.

நாவலின் முற்பகுதி முழுவதும் தாமோதர ஆசான் சொல்லும் கதைகள். மரத்தைப் பற்றி, பழைய புளிக்குளத்தைப் பற்றி, மகாராஜா வந்ததைப் பற்றி அவர் அளக்க அளக்க, கேட்டுக்கொண்டே இருக்கலாம். பிற்பகுதியில் ஆசான் இல்லை. கடைத்தெரு, பத்திரிகை, நகரசபைத் தேர்தல் என்று கதை மாறிவிடுகிறது. "பாதிக்கு மேல் சுவை குறைகிறதே" என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை சொல்லி வாழ்ந்த ஊர், செய்தி படித்துச் சண்டையிடும் ஊராக ஆனதைத்தான் ஆசிரியர் அப்படிக் காட்டுகிறார்.

அவரும் நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். அதனால்தான் காதர், தாமு இருவரின் போட்டி அவ்வளவு உண்மையாக இருக்கிறது. வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்: எதிர்க்கடைக்காரன் மேல் உள்ள வீம்பு கடையோடு நிற்பதில்லை, ஊர்ப்பொதுவில் போய்த்தான் முடியும். இங்கே அது புளியமரத்தில் போய் முடிகிறது. மரத்தின் மேல் யாருக்கும் பகை கிடையாது. ஆனாலும் நஞ்சு வைக்கப்பட்டு அது பட்டுப்போகிறது.

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கிறது தொல்காப்பியம். எங்கள் சமண மரபோ, கொலைவினை மூன்று வழியில் சேரும் என்று சொல்லும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல். இந்த நாவலில் மூன்றும் இருக்கின்றன. நஞ்சு வைத்தது ஒரு கை. அதற்கு வழிசெய்தது பெரிய மனிதர்களின் போட்டி. கட்சி பிரிந்து வேடிக்கை பார்த்த ஊரும் உடன்பட்டதுதான். சுந்தர ராமசாமி சமண நூலாக இதை எழுதவில்லை. யாருக்கும் உபதேசமும் செய்யவில்லை. சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே போகிறார். படித்து முடித்த பிறகுதான் மனசு கனக்கிறது. கடைசியில் மரம் போய்விடுகிறது. சந்திப்புக்கு மரத்தின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

சொந்த ஊரை விட்டு வந்து, ஊர்ப்பெயரை மட்டும் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள் இதை ஒருமுறையாவது படிக்க வேண்டும். மலையாள வாடை கலந்த தமிழ் முதல் சில பக்கங்களில் கொஞ்சம் தடுக்கும், பிறகு பழகிவிடும். தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. இருந்தாலும், ஆசான் வரும் பக்கங்களையாவது தமிழில் வாய்விட்டு அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.