பாலிங்கின் கணக்கு எங்கே இடிக்கிறது?

"தண்ணில கரையுற வைட்டமின்தானே, அதிகமானா யூரின்ல போயிடும்." வைட்டமின் சி மாத்திரை பற்றிப் பேச்சு வந்தால் தவறாமல் வரும் வசனம் இது. தினமும் கிராம் கணக்கில் சாப்பிடலாம் என்ற எண்ணத்தை உலகம் முழுக்கப் பரப்பியதில் பெரிய பங்கு லைனஸ் பாலிங்குடையது. சாதாரண ஆள் இல்லை. 1954-ல் வேதியியல் நோபல், 1962-ல் அமைதி நோபல். ஜலதோஷத்தை விரட்ட வைட்டமின் சி என்று 1970-ல் புத்தகமே எழுதினார்.

அவர் வாதத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடு, எலி எல்லாம் வைட்டமின் சி-யை ஈரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு அதற்கான கடைசி நொதியின் மரபணு பழுதாகிக் கிடக்கிறது. எங்கள் தொழில் பாஷையில், கோட் இருக்கு, ஆனா ஓடாது. மூதாதையருக்குத் தாவர உணவிலேயே தேவையானது கிடைத்ததால்தான் இந்த இழப்பு தாங்கியது என்றார் பாலிங். எவ்வளவு கிடைத்திருக்கும்? சமைக்காத 110 தாவர உணவுகளை எடுத்து, ஒரு நாளைக்கு 2,500 கலோரி என்று வைத்துக் கணக்குப் போட்டார். சராசரி 2.3 கிராம். இன்றைய அமெரிக்கப் பரிந்துரை ஆண்களுக்கு 90 மில்லிகிராம்தான்.

இங்கேதான் இடிக்குது. உணவில் இவ்வளவு இருந்தது என்பதும், உடம்புக்கு இவ்வளவு வேண்டும் என்பதும் ஒன்றா? உண்மையான தேவை 100 மில்லிகிராம் என்றே வையுங்கள். 2.3 கிராம் கிடைக்கிற காட்டில் அந்த மரபணு பழுதானாலும் யாருக்கும் குறை வந்திருக்காது. அதே தரவு நேரெதிர் முடிவுக்கும் பொருந்துகிறது!

பிறகு உடம்பையே கேட்டுப் பார்த்தார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் லெவின் குழு, ஆரோக்கியமான ஏழு இளைஞர்களை மாதக்கணக்கில் மருத்துவமனையில் தங்கவைத்து, அளவை ஏற்றிக்கொண்டே போனது. 1996-ல் முடிவு வெளியானது. தினம் 100 மில்லிகிராமிலேயே ரத்த செல்கள் நிறைந்துவிட்டன. 500-க்கு மேல் போனால் குடல் உறிஞ்சும் விகிதம் குறைகிறது, உறிஞ்சியதையும் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது.

"அதான் வெளிய போகுதே, காசுதானே நஷ்டம்?" இல்லை. அதே ஆய்வில் 1,000 மில்லிகிராமை எட்டியபோது சிறுநீரில் ஆக்சலேட் கூடியது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். ஸ்வீடன் ஆண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. இப்படிக் கவனித்துப் பார்த்த ஆய்வு காரணத்தை நிரூபிக்காதுதான். ஆனால் "பாதிப்பே இல்லை" என்று இனி அடித்துச் சொல்ல முடியாது.

"உணவில் நல்லது, அப்போ மாத்திரையில் இன்னும் நல்லது" என்ற தர்க்கம் இதைவிட மோசமாகக் கவிழ்ந்தது பின்லாந்தில். அங்கே சோதித்தது வேறு பொருள், பீட்டா கரோட்டின். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்பதால், புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில், பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

பாலிங் முழுக்கத் தவறா? இல்லை. 2013 காக்ரேன் மதிப்பாய்வுப்படி, தினமும் வைட்டமின் சி எடுக்கும் பெரியவர்களுக்கு ஜலதோஷ நாட்கள் சுமார் 8 சதவீதம் குறைகின்றன. ஒரு வார ஜலதோஷத்தில் அரை நாள். சாதாரண மக்களுக்கு ஜலதோஷம் வருவதையே அது தடுக்கவில்லை. அந்த அரை நாளுக்காக வருடம் முழுக்க கிராம் கணக்கில் விழுங்குவது உங்கள் இஷ்டம். ஏற்கெனவே கல் வந்தவர் என்றால் மட்டும், டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.