விதியும் காயமும்

உருவம், உள்ளடக்கம் என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டு நம்மவர்கள் போட்ட சண்டை ஓய்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஓயவில்லை, அலுத்துவிட்டது, அவ்வளவுதான். அதை இலக்கியத்துக்கு வெளியே, அதுவும் ஒரு விளையாட்டில் வைத்துப் பார்ப்பது சிலருக்கு அற்பமாகப் படலாம். ஆனால் உருவம் உள்ளடக்கத்தை எப்படி நிர்ணயிக்கிறது என்பதையே விதிப்புத்தகமாக அச்சிட்டு விற்கிற ஒரு துறை இருக்கும்போது அதைப் பாராமல் விடுவானேன்?

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசி, பகடை உருட்டி, கூடிக் கதை உண்டாக்கும் ஆட்டங்களைச் சொல்கிறேன். ஒருவர் அந்த உலகத்தையும் அதிலுள்ள பிற மனிதர்களையும் நடத்துவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம்.

இது கதையிலிருந்து பிறக்கவில்லை. யுத்தத்திலிருந்து, சரியாகச் சொன்னால் பொம்மை யுத்தத்திலிருந்து, பிறந்தது. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் எழுதிய 'செயின்மெயில்' மத்தியகாலப் போரைச் சிறு உருவங்களை வைத்து ஆடுவதற்கான விதிகள். அதில் சாதாரணச் சிப்பாய் அடிபட்டால் செத்தான். எடுத்து அப்பால் வைத்துவிடலாம். படை முழுவதும் உங்களுடையதாக இருக்கும்வரை இதில் கஷ்டமில்லை. ஆர்னசனின் நண்பர்களோ ஆளுக்கு ஒரே ஒரு மனிதனை வைத்துக்கொண்டு ஆடினார்கள். பெயர் வைத்துப் பல மாலைகள் வளர்த்த ஒருவன் ஒரே அடியில் போய்ச் சேருவதை யாரால் சகிக்க முடியும்? அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இரும்புக் கப்பல்களைப் பற்றித் தாம் முன்பே செய்திருந்த ஆட்டத்திலிருந்து ஒரு கணக்கை எடுத்து மனிதனுக்குப் போட்டதாக ஆர்னசன் பிற்பாடு சொன்னார். இத்தனை அடி தாங்கும், அதன்பின் மூழ்கும் என்கிற கணக்கு. ஹிட் பாயின்ட் என்று இன்று உலகமெல்லாம் வழங்குவது அதுதான்.

ஒரு கப்பலின் லக்ஷணம் மனித உடம்புக்கு வந்து சேர்ந்த கதை இது. கப்பலுக்கு வலிக்காது. நாற்பது புள்ளியோடு நிற்கிற வீரனும் ஒரே புள்ளி மிஞ்சியவனும் இந்த ஆட்டத்தில் ஒரே வேகத்தில் வாள் வீசுகிறார்கள். நொண்டுவது, கை நடுங்குவது, பயந்து பின்வாங்குவது எதுவும் எண்ணில் இல்லை. 1974 விதிகளில் பூஜ்யம் வரும்வரை முழு மனிதன், பூஜ்யத்தில் பிணம். 1979இல் வந்த ஆட்டம் நடத்துபவர் கையேட்டில் கைகாக்ஸ் இதற்குச் சமாதானம் சொல்கிறார்: புள்ளிகள் முழுக்க உடம்பின் வலு அல்ல, திறமை, அதிர்ஷ்டம், தெய்வ அனுக்கிரகம் எல்லாம் கலந்தவை. இதை நான் ஒரு வியாக்கியானமாகத்தான் படிக்கிறேன். சூத்திரம் முதலில் வந்துவிட்டது. அர்த்தம் பின்னால் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது. யாப்பில் சீர் நிரப்பச் சொல் தேடியவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல.

அனுபவம் என்றதும் இன்னொன்று. விமர்சனத்தில் இந்தச் சொல்லை நாம் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அங்கே அதற்கு நேரடியாகவே விலை உண்டு. 1974 விதிகளில், பாதாளத்திலிருந்து பத்திரமாக வெளியே கொண்டுவந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் பாத்திரம் வளரும். கொன்றதற்கும் புள்ளி உண்டு. ஆனாலும் காலப்போக்கில் கொலையின் விலை குறைந்து, பொன்தான் பிரதான வரவாக நின்றது. எதிர்ப்படுகிற பூதம் பகையா நட்பா என்பதைக்கூட இரண்டு பகடை போட்டுத் தீர்மானிக்கலாம். விளைவு விசித்திரமானது. பேராசையைப் பரிசளித்த விதி ஆட்டக்காரர்களைத் தந்திரசாலிகளாக்கியது. சண்டை நஷ்டக் கணக்கு என்பதால் ஒளிந்தார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், பேசிப் பார்த்தார்கள், ஓடினார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு பொன்னுக்கான புள்ளியை விரும்பினால் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது இல்லவே இல்லை. எதிர்ப்படுவதை வெல்வதே முக்கிய வரவு. தர்மத்துக்காகப் போராடும் வீரர்களைப் படைக்க நினைத்திருப்பார்கள். கிடைத்தவர்கள் கதவைத் திறந்ததும் வாளை உருவுகிறவர்கள். நோக்கம் முன்னுரையில் இருந்தது. விதி கணக்கில் இருந்தது.

கணக்கை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' உடம்பைத் தலை, கை, கால் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் வைத்தது. கை போனால் கை போனதுதான். அங்கே வாளை உருவுமுன் யோசிக்கிறார்கள். சாண்டி பீட்டர்சன் 1981இல் செய்த 'கால் ஆஃப் கதுல்ஹு' புத்திசுவாதீனத்தையே எண்ணாக்கியது. மறைந்து கிடக்கும் உண்மையை எவ்வளவு அறிகிறோமோ அந்த அளவுக்கு எட்டக்கூடிய சுவாதீனத்தின் உச்சவரம்பு இறங்கும். அறிவு வளர்ச்சி என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு நம்பிக்கையை ஒரு கழித்தல் கணக்கில் முடித்துவிட்டார் மனிதர்.

இதற்கெல்லாம் ஓர் ஆட்சேபம் உண்டு. அதை அலட்சியம் செய்ய முடியாது. சண்டையை மேஜையில் நிஜமாகப் போட முடியாது, அதனால் அதற்கு விதி வேண்டும். பேச்சை நாமே பேசிக்கொள்ளலாமே, அதற்கு எதற்குப் பகடை என்கிறார்கள். விதி மௌனமாக இருக்கும் இடத்தில்தான் ஆட்டத்தின் உயிர் என்பது இவர்கள் கட்சி. பாதிக்குமேல் ஒப்புக்கொள்கிறேன். யாப்பை உதறியவர்கள் இதை மறுக்க முடியாது. ஆனால் பேச்சு விதியில்லாமல் கிடக்கும்போது அது எதையும் பணயம் வைப்பதில்லை. நன்றாகப் பேசுகிறவன் பேசுகிறான், கூச்சக்காரன் வாளை எடுக்கிறான். வாளுக்காவது பகடை உண்டு.

வின்சென்ட் பேக்கர் 2004இல் வெளியிட்ட 'டாக்ஸ் இன் தி வைன்யார்ட்' இந்த இடத்தைத்தான் பிடித்தது. அமெரிக்க மேற்கைப் போன்ற ஒரு நிலம். விசுவாசிகளின் சிற்றூர்களுக்குப் பாவம் களைய அனுப்பப்படும் இளைஞர்கள், இடுப்பில் துப்பாக்கி. எந்தச் சச்சரவுக்கும் என்ன பணயம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் பேச்சில் ஆரம்பம். வாதத்தைப் பகடைகளை முன்னால் வைத்துத் தொடுக்க வேண்டும்; எதிராளி பகடைகளால் பதில் சொல்வான். பகடை தீர்ந்துபோனால் இரண்டு வழி: விட்டுக்கொடுக்கலாம், அல்லது பேச்சிலிருந்து கைகலப்புக்கு, அதிலிருந்து துப்பாக்கிக்கு ஏறலாம். ஏறினால் புதிய பகடைகள் கைக்கு வரும். பட்ட அடிக்கான பகடையைக் கடைசியில் உருட்டுகிறார்கள். சொல்லால் பட்டதற்கு நான்கு முகப் பகடை, குண்டுக்குப் பத்து முகம். எண் பெரிதானால் காயம், மரணம். அதில் ஒன்று விழுந்தால் அனுபவம். நான்கு முகத்தில் ஒன்று விழுவது சுலபம், பத்து முகத்தில் அபூர்வம். சொல்லால் அடிபட்டவன் அதிகம் கற்கிறான் என்பதை எந்த உபதேசமுமில்லாமல் பகடையின் வடிவத்தில் எழுதியிருக்கிறார் பேக்கர். இதைவிடச் சிக்கனமான உருவ உணர்வை நான் சமீபத்தில் எந்தக் கதையிலும் பார்க்கவில்லை.

நண்பர்களோடு ஒரு இரவு ஆடினோம். ஊரின் தண்ணீர்ப் பங்கை அண்டை வீட்டு விதவையிடமிருந்து பிடுங்கிக்கொண்ட ஒருவன், நண்பர் ஏற்ற பாத்திரத்தின் சொந்த அண்ணன். அண்ணன் பங்கைத் திருப்பிக் கொடுப்பானா என்பது பணயம். நண்பர் நன்றாகத்தான் வாதாடினார்; ஆனால் பகடை சரியில்லை. கடைசியில் அவர் முன்னால் ஒரு சிறிய எண் மட்டும் கிடந்தது. வாதத்தை விட்டுவிடலாம், விதவை வேறு வழி பார்த்துக்கொள்வாள் என்று ஒருவர் சொன்னார். நண்பர் பதில் சொல்லாமல் துப்பாக்கிக்கான பகடைகளை எண்ணி எடுத்தார். ஏழு இருந்தன. அண்ணனின் பங்கு விதவைக்குத் திரும்பியது. அதன்பிறகு அண்ணனுக்காகப் பத்து முகப் பகடைகளை உருட்ட வேண்டியிருந்தது. நண்பர் அவற்றைத் தொட மறுத்துவிட்டார். வேறு யாரோதான் உருட்டினோம்.