ஆராய்ச்சியும் சோனகதெருப் பெண்ணும்

இஸ்லாமும் பெண்ணும் என்ற பொருள்பற்றி நம் பல்கலைக்கழகங்களில் நிகழும் பேச்சு பெரும்பாலும் இரு தடங்களிலேயே செல்கின்றது. ஒன்று, வேதவாக்கியங்களை அடுக்கி, பெண்ணுக்குரிய யாவும் அன்றே அளிக்கப்பட்டுவிட்டன என்று முடிக்கும். மற்றது, முகத்திரையைச் சுட்டிக்காட்டி அவளை மீட்கப் புறப்படும். இரண்டிலும் அவள் குரல் கேட்பதில்லை.

இவ்விரு தடங்களையும் விட்டு விலகியமையாலேயே, கொழும்புப் பல்கலைக்கழக மானிடவியலாளர் பர்ஸானா ஹனீபா 2008இல் வெளியிட்ட கட்டுரை நம் கவனத்துக்குரியதாகின்றது. கொழும்பு முஸ்லிம் பெண்களிடையே வளர்ந்த மார்க்கப்பற்றை அவர் மூடத்தனம் என்று தள்ளவுமில்லை. புனிதம் என்று போற்றவுமில்லை. இனப்பகைமை முற்றிய நாட்டில் ஒரு சிறுபான்மை தன்னை வரையறுத்துக்கொண்ட அரசியலோடு அதனைத் தொடர்புபடுத்தி நோக்கினார்.

ஆயினும், தலைநகரத்துப் பெண்ணைக் கொண்டு யாழ்ப்பாணத்துச் சோனகதெருப் பெண்ணை அளந்துவிட முடியாது. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவருட் பலர் புத்தளத்தில் அகதிகளாயினர். போர் முடிந்த 2009க்குப் பின் திரும்பியோர் ஒரு பகுதியினரே. பெண்ணுக்கு வாரிசுரிமை உண்டு என்னும் நூற்கூற்று, வீட்டையும் காணி உறுதியையும் இழந்தவளுக்கு என்ன பொருள் தரும்? மதத்தை மட்டும் பயிலும் ஆராய்ச்சி இவ்வினாவை எழுப்பாது.

சொத்துரிமை என்றதும் நம்முடைய தேசவழமையையும் திறந்து பார்த்தல் வேண்டும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதிப் பதவியை ஆண்களுக்கே ஒதுக்கியது. அதனை எதிர்த்து முஸ்லிம் பெண்களே போராடி வந்துள்ளனர். ஆனால், தேசவழமைக்குட்பட்ட தமிழ் மனைவி தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கோரியது 1911ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம். ஷாபிஈ சட்டமரபில் முஸ்லிம் மனைவிக்கு அத்தடை இல்லை. ஆண் மேலாதிக்கம் எந்த ஒரு மதத்தின் தனிச்சொத்துமன்று.

எனவே, நம் மாணவர் இவ்விரு சட்டங்களையும் ஒருங்கே பயில்வாராக. வெளியேற்றப்பட்ட பெண்களின் வாய்மொழியை, இரக்கத்துக்குரிய கதையாக அன்றி, ஆராய்ச்சிக்குரிய சான்றாகக் கொள்வாராக. அதனைச் செய்யாத புலமை, அன்று அயலவர் துரத்தப்படுகையில் வாய்மூடி நின்றோரின் மௌனத்தையே தொடர்வதாக முடியும்.