யாருடைய வானொலி?

இலங்கை வானொலியைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எல்லாவற்றிலும் ஒரு டீக்கடை வருகிறது. அங்கே ஒரு வானொலிப் பெட்டி, அப்துல் ஹமீதின் குரல், அடுத்த பாட்டுக்காகக் காத்திருக்கும் பெஞ்சு. 'ஊரே கூடிக் கேட்டது' என்று கட்டுரை முடியும். அந்த 'ஊர்' எது? ஊர் வேறு, சேரி வேறு என்றுதானே நம் கிராமங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன?

எழுபதுகளில், தென்னார்க்காட்டுக் கிராமமொன்றில், என் அப்பா பாட்டுக் கேட்டதும் டீக்கடையில்தான். சொல்வார்: "பெஞ்சுல நாம எங்க ஒக்கார்றது? எதிர்ல புளியமரத்தடியில குந்திக்கினு கேப்போம். நமக்குன்னு தனி கிளாஸு. குடிச்சிட்டு நாமளே கழுவி வச்சிட்டு வரணும். நல்ல பாட்டு ஓடிச்சின்னா டீயக் கொஞ்சங்கொஞ்சமாக் குடிப்பேன். டீ தீந்துட்டா அப்புறம் இங்க ஒனக்கு இன்னாடா வேலன்னு கேப்பான்."

ஒரு டீயை வைத்து மூன்று பாட்டுக் கேட்ட இந்த ரசிகன் எந்த நினைவுக் கட்டுரையிலும் இல்லை.

1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சரான பின், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட இல்லாமல் போனது. சாஸ்திரிய சங்கீதம் மட்டுமே சங்கீதம் என்ற அந்த மேட்டிமையை இக்கட்டுரைகள் கண்டிக்கின்றன. சரிதான். நேயர்கள் இலங்கைப் பக்கம் திரும்பினார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. பாட்டுக்குத் தில்லி பார்த்த தீட்டு இவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. தன் ஊர் டீக்கடைத் தீட்டு மட்டும் தெரிவதில்லை.

இதனால் அந்த ஏக்கமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவுக்கும் அது உண்டு. நேயர் விருப்பத்துக்கு ஒருமுறை கடிதம் போட்டிருந்தார். பெயர் வந்தது. "இன்னா பாட்டுன்னே மறந்து போச்சி. எம் பேர முழுசா சொன்னாங்க. ஊர்ல பொடிப்பசங்ககூட என்ன டேய்னுதான் கூப்புடுவானுங்க. அன்னிக்கி பெஞ்சுல இருந்தவனெல்லாம் எம் பேரக் கேட்டுத்தான ஆவணும்?"

கடலுக்கு அப்பாலிருந்து வந்த குரலுக்கு அவர் சாதி தெரியாது. அப்பாவின் ஏக்கம் பாட்டுக்கானதல்ல. சாதி ஒட்டாமல் ஒலித்த தன் பெயருக்கானது. இதையும் ரசனை என்றுதான் விமர்சனம் எழுத வேண்டும்.

ஏக்கப்படுவது குற்றமல்ல. யார் எங்கே இருந்து கேட்டார்கள் என்பதை மறைக்கும் ஏக்கம் வரலாறாகாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதிவிட்டார்கள். மரத்தடியில் குந்தியிருந்தவர்களின் பிள்ளைகள் நாம் இனி எழுதுவோம்.