எம்டனுக்கு வரி, எம் மகனுக்கு விலக்கு

2006-இல் ‘எம்டன் மகன்’ என்ற படம் ‘எம் மகன்’ ஆனது. கதை மாறவில்லை, நாசர் மாறவில்லை, வடிவேலு மாறவில்லை. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அந்த வருஷம் ஜூலையில் தமிழக அரசு அறிவித்தது. தலைப்பிலிருந்து ‘டன்’ மட்டும் உதிர்ந்துவிட்டது.

1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் எம்டன். அந்த ஒரு ராத்திரியின் பயம் சொல்லாக மாறி, “அவரா, சரியான எம்டன்ப்பா” என்று இன்றைக்கும் நம் வாயில் கிடக்கிறது. அகராதிப்படி அது தமிழ் இல்லைதான். ஆனால் ஜெர்மன்காரரிடம் போய்ச் சொன்னால் கப்பல் பெயர் என்பார், ஊர்ப்பெயர் என்பார். கண்டிப்பான அப்பா என்ற பொருள் நமக்கு மட்டும்தான் தெரியும். மகனை ஆட்டிப்படைக்கும் ஓர் அப்பாவைப் பற்றிய படத்தில், அப்பாவைச் சுட்டிய சொல்லையே எடுத்துவிட்டு, இது இப்போது தமிழாகிவிட்டது என்று விலக்கு கொடுத்தார்கள். ‘ஜில்லுனு’ ‘சில்லுனு’ ஆன கதையும் இதே காலத்ததுதான்.

நம்மூரில் சினிமாவுக்கான அரசு ஆதரவு என்ற பேச்சு வந்தாலே எனக்கு இந்த ‘டன்’தான் ஞாபகம் வருகிறது. அரசு எதைப் பார்த்தது? தலைப்பை. எதைப் பார்க்கவில்லை? படத்தை.

2011-க்குப் பிறகு நிபந்தனைகள் கூடின. தமிழ்ப் பெயர் மட்டும் போதாது. யு சான்றிதழ் வேண்டும், வசனம் பெரும்பாலும் தமிழில் இருக்க வேண்டும், பண்பாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், வன்முறை குறைவாக இருக்க வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் யு வாங்கினால் பணம், யு/ஏ வாங்கினால் இல்லை என்றால் எடிட்டிங் டேபிளில் என்ன நடக்கும்? எந்தக் காட்சி இருக்கலாம் என்று முடிவு செய்வது இயக்குநரா, ஆடிட்டரா? அந்தக் காலத்துப் படங்களை விமர்சனம் செய்த நாம், ஏன் எல்லாம் மழுங்கிப் போய் இருக்கின்றன என்று இயக்குநர்களைத்தான் திட்டினோம். அழகியல் என்று நாம் பேசிய சிலது உண்மையில் அரசாணை.

சரி, ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வரி 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கோடிக்கு டிக்கெட் விற்ற படத்துக்கு விலக்கின் பலன் 15 கோடி. 20 லட்சத்துக்கு விற்ற படத்துக்கு 6 லட்சம். தியேட்டரே கிடைக்காத படத்துக்குப் பூஜ்யம். அதாவது யாருக்கு உதவி தேவையில்லையோ அவருக்கு அதிகம், யாருக்குத் தேவையோ அவருக்கு ஒன்றுமில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு இந்த விலக்கு முடிந்தது. அதற்குப் பிறகு நடந்த சண்டையெல்லாம் உள்ளாட்சிக் கேளிக்கை வரி எத்தனை சதவீதம் என்பதைப் பற்றித்தான். அது 8 சதவீதத்தில் நின்று, 2025-இல் 4 ஆனது. எல்லாமே டிக்கெட் கவுண்டருக்குள் நடக்கும் பேச்சு. கவுண்டர் வரைக்கும் வர முடியாத படங்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் எழுமலைக்காரன். மேற்கே மலை, கிழக்கே உசிலம்பட்டி ரோடு. எங்கள் வட்டாரத்தைச் சுற்றி எடுக்கப்பட்ட படம் ‘கடைசி விவசாயி’. மணிகண்டன் அதை உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில், அங்கே இருந்த மனிதர்களையே நடிக்க வைத்து எடுத்தார். 2022 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது, அடுத்த மாதமே ஓடிடிக்குப் போனது. 2023-இல் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது. மாயாண்டியாக நடித்த நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பு. நல்லாண்டி அதைப் பார்க்க இல்லை. படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார்.

அந்தப் படத்தில் ஒரு விஷயம் இந்தக் கட்டுரைக்கு ரொம்ப வேண்டியது. மயில்களைக் கொன்றதாகப் பொய் வழக்கில் மாட்டும் மாயாண்டி குற்றமற்றவர் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியும். ஆனாலும் உடனே வெளியே விட முடியாது, நடைமுறை இருக்கிறது. அதற்குள் பயிர் காய்ந்துவிடுமே என்று ஒரு போலீஸ்காரரைத் தண்ணீர் பாய்ச்ச அனுப்புகிறார். படத்தில் வரும் அரசு கெட்ட அரசு இல்லை. நல்ல மனசு உள்ள, தாமதமான அரசு. பயிரின் நேரம் வேறு, கோப்பின் நேரம் வேறு. வில்லனே இல்லாமல் இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து ஒரு முழுப்படம் நகர்கிறது. அதனால்தான் அது விவசாயத்தைப் பற்றிய பிரச்சாரமாகச் சுருங்கவில்லை.

சினிமாவுக்கும் நடப்பது இதேதான். 2009 முதல் 2014 வரையிலான ஆறு வருஷத்து மாநிலத் திரைப்பட விருதுகளை மொத்தமாக 2017-இல் அறிவித்தார்கள். கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். 2009-இல் முதல் படம் எடுத்தவருக்குப் பாராட்டு பதிமூன்று வருஷம் கழித்து வருகிறது. அதற்குள் அவர் அடுத்த படம் எடுத்திருப்பார், இல்லை என்றால் ஊரில் கடை வைத்திருப்பார். சிறிய முதலீட்டுத் தரமான படங்களுக்கு 7 லட்சம் மானியம் உண்டு. அதுவும் படம் முடிந்த பிறகு, தேர்வுக்குழு பார்த்த பிறகு. 58 கிராமக் கால்வாய்க்குப் பல பத்தாண்டுகள் காத்திருந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் தாமதத்தை விளக்க வேண்டியதில்லை. திட்டம் காகிதத்தில் இருப்பதும் தண்ணீர் வாய்க்காலில் வருவதும் ஒன்றில்லை.

மேலூர்ப் பக்கம் பாருங்கள். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ அரிட்டாபட்டியின் வெயிலில் எடுக்கப்பட்டு, 2021-இல் ரோட்டர்டாமில் புலி விருது வாங்கி, அந்த வருஷம் இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் போனது. நெதர்லாந்துக்காரர் அப்போதே பார்த்தார். நாம் 2023 அக்டோபரில் செல்போனில் பார்த்தோம். நடந்துகொண்டே இருக்கும் ஒரு படம் அது. அப்பனும் மகனும் அந்தப் பொட்டல் வெளியில் எவ்வளவு சிறிசாகத் தெரிகிறார்கள் என்பதுதான் அதன் மொழி. ஆறு அங்குலத் திரையில் பொட்டலும் சிறிசு, மனிதனும் சிறிசு. பிறகு ‘படம் ஸ்லோ’ என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம்.

ஆகவே பிரச்சினை படம் எடுப்பதில் மட்டும் இல்லை. அதைக் காட்ட இடம் இல்லை. 2024 தொடக்கத்தில் பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் திரைப்பட நகரம் என்று அரசு அறிவித்தது. வரட்டும், தொழிலாளர்களுக்கு வேலை கிடைக்கும். ஆனால் ‘கூழாங்கல்’லுக்கும் ‘கடைசி விவசாயி’க்கும் அரங்கு போடத் தேவைப்படவில்லை. மலையும் மனிதர்களும் இருந்தார்கள். தேவைப்பட்டது திரை.

வெளியே என்ன செய்கிறார்கள்? பிரான்ஸில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும், அது ஹாலிவுட் படமாக இருந்தாலும், பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் எடுத்து சிஎன்சி என்ற அமைப்புக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் அடுத்த படத்துக்கும், சிறு ஊர்த் தியேட்டர்களுக்கும் போகிறது. நாம் வெற்றிக்கு வரியை விட்டுக்கொடுத்தோம், அவர்கள் வெற்றியிலிருந்து எடுத்து விதைக்கிறார்கள். தென்கொரியாவில் தியேட்டர்கள் வருஷத்தில் இத்தனை நாள் உள்நாட்டுப் படம் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2006-இல் அதை 146 நாளிலிருந்து 73 ஆகக் குறைத்தபோது நடிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், கம்பத்தைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுக்கே தியேட்டர்கள் உண்டு. பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படத்துக்கு ஒன்றரைக் கோடி வரை கொடுக்கும் திட்டம் உண்டு. 2024 மார்ச்சில் சி ஸ்பேஸ் என்று அரசே ஓடிடி தொடங்கியது.

“அரசு காசு கொடுத்தால் அரசு சொல்றதைத்தானே எடுக்கணும்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம். எம்டனை வெட்டிய அதே கை மானியத்தையும் நீட்டினால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் இதே இந்தியாவில் அரசு நிறுவனமான என்எஃப்டிசி தயாரித்ததுதான் சேதுமாதவனின் ‘மறுபக்கம்’. இந்தியாவின் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையைத் தமிழுக்கு முதலில் கொண்டுவந்தது அது. காசு அரசுடையதாக இருந்தும் படம் இயக்குநருடையதாக இருந்தது. யார் தேர்வு செய்கிறார்கள், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள், ஏன் கொடுத்தோம் ஏன் மறுத்தோம் என்று எழுதி வெளியிடுகிறார்களா என்பதுதான் கேள்வி. 2021-இல் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை ஒன்றிய அரசு கலைத்துவிட்டது. இன்று தணிக்கையோடு முரண்படும் சின்னத் தயாரிப்பாளர் உயர்நீதிமன்றம் ஏற வேண்டும். வக்கீல் பீஸ் கட்ட முடிந்தவருக்குத்தான் கருத்துரிமை என்றால், மானியத்தை விட முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை. எழுமலையிலிருந்து உசிலம்பட்டி போய், அங்கிருந்து மதுரை போய் மல்டிபிளெக்ஸில் ஒரு சின்னப் படம் பார்க்க நினைத்தால், டிக்கெட்டை விட பஸ்ஸும் சாப்பாடும் நேரமும்தான் செலவு. போய்ச் சேரும்போது காலைக்காட்சியோடு அந்தப் படத்தைத் தூக்கியிருப்பார்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் படம் காட்டுகிறார்கள். படத்தைத் தேர்ந்தெடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்க அரசுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி. மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதே பள்ளியில் பெரியவர்களுக்கும் ஒரு தமிழ்ப் படம் போடட்டும். நுழைவுக்கு இருபது ரூபாய் வாங்கட்டும். அதில் ஒரு பங்கு தயாரிப்பாளருக்குப் போகட்டும், மிச்சத்தை அரசு போடட்டும். ஒரு ஊரில் நூறு பேர் என்றாலும், ஆயிரம் ஊரில் லட்சம் பேர். பெரிய நடிகர் இல்லாத ஒரு படத்துக்கு அது சாதாரண எண்ணிக்கை இல்லை.

முதல் மாதம் ‘கடைசி விவசாயி’ போடலாம். நல்லாண்டியை நேரில் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். படம் எப்படி இருந்தது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு ஒரு விமர்சனம் எழுத வேண்டும்.